காரணம் கூறுக

கார் ஒன்று.
பேருந்து மூன்று.
சைக்கிள் அரை.
மாட்டு வண்டி எட்டு.
திருப்பூரில் மாட்டு வண்டியைத்
தேடித்தான் பிடிக்க வேண்டும்,
ஆனாலும் படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.
நடப்பவருக்கு இல்லை.

நொய்யல் தரைப்பாலத்தின் வடகரையில்
டீக்கடை பெஞ்சில் மூன்று நாள்
நானும் கணக்கெடுக்க வந்த நவநீதனும்
கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.
நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
எட்டேகாலுக்கு அவன் பேனா நின்றது.
தூக்குப்போசி, காதில் போன்,
ஒடியா பேசுகிற நாலு பேர்,
இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி
(கம்பெனி வாசலில் யாரிடம் விடுவாளோ),
பின்னால் இன்னும், இன்னும்.
"மேடம், இவங்கள எதுலீங்க போடறது?"
படிவத்தைத் திருப்பிப்
பின்பக்கம் போடச் சொன்னேன்.
முன்பக்கம் நிறைவதற்குள்
பின்பக்கம் நிறைந்துவிட்டது.

ஆற்றில் துளை போட்டார்கள்.
ஏழு மீட்டரில் பாறை. நல்ல பாறை,
எத்தனை பாரமும் தாங்கும்.
அதற்கு மேலேதான் சங்கடம்.
மண் அறிக்கையில் 'நிறம்' என்றொரு கேள்வி உண்டு.
பழுப்பு, சாம்பல் என்று
எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம்.
இங்கே ஒன்றரை மீட்டரில் கத்திரிப்பூ,
இரண்டில் கருநீலம்,
அதற்கும் கீழே விரற்கடை அளவு
கிளிப்பச்சை.
எந்த தேசத்துக் கோடைக்காக
எந்த வருடம் ஓடிய ஆர்டரோ.
துளைக்காரர் சென்னியப்பன்
கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே
"பாலத்துக்குப் பெயிண்ட்டு
அடியிலிருந்தே அடிச்சு வெச்சிருக்குதுங்க" என்றார்.
சிரித்தேன்.
பிறகு எழுதினேன்: நிறம் — பல.

வெள்ள மட்டத்துக்கு ஆவணம் போதவில்லை.
மேற்கே மலையில் பெய்தால்
இங்கே வெயிலில் தண்ணீர் வரும்.
எதுவரை வந்தது என்று கேட்டால்
ஒருத்தர் வாசப்படி என்றார்,
ஒருத்தர் மீட்டர் பெட்டி என்றார்.
லைன் வீட்டு ரங்காத்தாள் எதுவும் சொல்லாமல்
தையல் மிஷினைத் தூக்கி வைத்த
சிமெண்டுத் தொட்டியைக் காட்டினாள்.
மிஷின் நனையவில்லை.
டேப் பிடித்து அளந்துகொண்டேன்.
பாலத்தின் அடிமட்டம்
அந்த மிஷினின் காலிலிருந்து தொடங்குகிறது.
வரைபடத்தில் அப்படி எழுத முடியாது.

நடைபாதை முக்கால் மீட்டர் போதும் என்று வந்தது.
முக்கால் மீட்டர் என்றால்
ஒருவர் பின்னால் ஒருவர்.
எதிரே ஆள் வந்தால்
யாராவது லாரிப் பக்கம் இறங்க வேண்டும்.
நடுவில் பூச்செடிக்கு விட்டிருந்த இடத்தை எடுத்தேன்.
கேபிளை அடியில் அனுப்பினேன்.
கைப்பிடிச் சுவரில் இரண்டு அங்குலம் திருடினேன்.
ஒன்றேமுக்கால் ஆயிற்று, இரு பக்கமும்.

கோப்பு கோயமுத்தூர் போய்
சிவப்பு மையோடு திரும்பியது:
'அகலம் அதிகம். காரணம் கூறுக.'

பின்பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன்,
நவநீதனின் கோடுகள், டீ கிளாஸ் வட்டத்தோடு.
கோடு மட்டும் பேசாது என்று பட்டது.
கீழே எழுதினேன்:
ராத்திரி எட்டரைக்கு வேலை விட்டு வருகிறவர்கள்
பேசிக்கொண்டே வருகிறார்கள்.
அதற்கு இரண்டு பேர் அகலம் வேண்டும்.
அடித்தேன்.
'பாதுகாப்பைக் கருதி' என்று மாற்றினேன்.
அடித்ததை, வாசிக்க முடிகிற மாதிரியே
அடித்திருந்தேன்.

பதில் இன்னும் இல்லை.

நேற்று மேற்கே மழை.
தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு ஓடுகிறது.
போலீஸ் கட்டிய கயிற்றைத் தூக்கிக்கொண்டு
செருப்பைக் கையில் எடுத்து
இறங்குகிறார்கள்,
முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்தபடி.
வண்டி ஒன்றும் இல்லை.
இன்றைக்குக் கணக்கெடுத்தால்
இந்தப் பாலத்தின் போக்குவரத்து
பூஜ்யம்.